பன்றி வளர்க்கலாம், தெருவில் விடக் கூடாது: இடைக்கால லண்டனின் விதி

இடைக்கால லண்டனில் பன்றி வளர்க்கத் தடை இருந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. யார் வேண்டுமானாலும் வளர்க்கலாம், ஆனால் தன் வீட்டுக்குள் வைத்துத் தீனி போட வேண்டும். தெருவிலோ மதிலை ஒட்டிய அகழியிலோ அது மேயக் கூடாது. விதி அவ்வளவுதான்.

வளர்ப்பதையே தடுத்திருந்தால் ஏழைகள்தான் அடிபட்டிருப்பார்கள். கழுநீரையும் காய்த்தோலையும் தின்று வளரும் பன்றி, குளிர்காலத்துக்கு உப்புக்கண்டமாகும். நகராட்சி அதில் கை வைக்காமல், அவிழ்த்துவிடுவதை மட்டும் குற்றமாக்கியது. அது சரியான முடிவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

1292-இல் நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து, சத்தியம் செய்ய வைத்து, ஒரு வேலை கொடுத்தார்கள்: மதிலுக்கு உள்ளேயும் புறநகரிலும் ராஜபாட்டையில் திரியும் பன்றியைப் பிடித்துக் கொல்ல வேண்டும். அது யாருடையது என்று பார்க்கத் தேவையில்லை. 1297-இல் இன்னொரு அறிவிப்பு வந்தது. தெருவில் கட்டிய பன்றிக் கொட்டில்களை உடனே அகற்ற வேண்டும். தெருவில் சிக்கும் பன்றி பறிமுதல், அதில் வரும் பணம் நகரின் மதிலுக்கும் வாயிலுக்கும் செலவாகும்.

விலக்கு ஒன்று உண்டு. நம் ஊரில் வனத்து அந்தோனியார் என்கிறோமே, அவர் பெயரில் லண்டனில் ஒரு மருத்துவ இல்லம் இருந்தது. அதற்கு நேர்ந்துவிட்ட பன்றிகள் கழுத்தில் மணியோடு திரியும், யாரும் தொட மாட்டார்கள். சந்தையில் விற்கத் தகாத நோஞ்சான் குட்டிகளைக் காதில் கீறி ஒதுக்குவார்கள், இல்லத்தின் ஆள் அதில் ஒன்றுக்கு மணி கட்டிக் குப்பைமேட்டில் விட்டுவிடுவார் என்று லண்டனின் வரலாற்றை எழுதிய ஜான் ஸ்டோ பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். யாராவது ஒரு துண்டு ரொட்டி போட்டால் போதும், அவரை அடையாளம் வைத்துக்கொண்டு தினமும் முனகியபடி பின்னாலேயே வருமாம்.

மணி இருந்தால் தப்பலாம் என்றால் தவறாகப் பயன்படுத்தவும் வழி இருக்கும் அல்லவா? 1311-இல் அந்த இல்லத்தின் வாடகை வசூலிப்பவரே நகர அதிகாரிகள் முன் உறுதி கொடுக்க வேண்டியிருந்தது. தெருவில் திரியும் பன்றிகளைத் தம்முடையவை என்று உரிமை கோர மாட்டேன், தானமாக வந்தவற்றுக்குத் தவிர வேறெதற்கும் மணி கட்ட மாட்டேன் என்றார்.

இத்தனை கெடுபிடி எதற்கு என்றால், அதற்குப் பதில் 1322-ஆம் ஆண்டின் மரண விசாரணைப் பதிவில் இருக்கிறது. லண்டனின் குயின்ஹைத் பகுதியில் ஒரு கடைக்குள், பிறந்து ஒரு மாதமான பெண் குழந்தை தொட்டிலில் தனியாகக் கிடந்தது. கதவு திறந்திருந்தது. தெருவில் திரிந்த பெண் பன்றி ஒன்று உள்ளே நுழைந்து குழந்தையின் தலையைக் கடித்தது. குழந்தை பிழைக்கவில்லை. 1292-இன் உத்தரவு வந்து அப்போது 30 ஆண்டுகள் ஆகியிருந்தன.