அம்மாவுக்கு பட்டன் போன் வாங்கும் முன்

போன வாரம் ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி கடைக்கு வந்தார். "நைனா, அவன் பேசறது எனக்கு நல்லா கேக்குது, நான் பேசறதுதான் அவனுக்கு கேக்கலயாம். புது போன் வாங்கித் தரேன்றான், இது நல்லாத்தான் கீது" என்று சொல்லிக்கொண்டே சுருக்குப்பையிலிருந்து போனை எடுத்தார். கூடவே வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பா. பட்டன் போனின் அடிப்பக்கம் ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும், அதற்குள்தான் மைக். அதில் சுண்ணாம்பு காய்ந்து அடைத்திருந்தது. மூடியைக் கழற்றி பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன், ஐந்து நிமிஷ வேலை. மகனுக்கு அங்கேயே கால் போட்டுப் பேசிவிட்டுத்தான் கிளம்பினார்.

இருபது வருஷமாக வேலூரில் போன் சர்வீஸ் செய்கிறேன். பட்டன் போனை வாங்குவது மகனோ மகளோ, வைத்துக்கொண்டு அல்லாடுவது அம்மாவோ அப்பாவோ. கடையில் தன் கையில் பிடித்து, தன் காதில் கேட்டுப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். அந்தப் போன் எந்த வீட்டில், எந்தக் கையில் இருக்கப் போகிறது என்று யோசிப்பதே இல்லை.

முதல் ஏமாற்றம் சிம்மில் வரும். மலைக்கிராமத்திலிருந்து ஒருவர் புத்தம்புது போனைக் கொண்டுவந்து "சிம்மே எடுக்கல" என்றார். போன் 2ஜி, சிம் ஜியோ. ஜியோவுக்கு 2ஜி கிடையாது, 2016-ல் வந்ததே 4ஜியோடுதான், அதனால் 2ஜி போனில் அந்த சிம்மை எத்தனை முறை துடைத்துப் போட்டாலும் சிக்னல் வராது. சரி, 4ஜி பட்டன் போனாகப் பார்த்து வாங்கலாம் என்றால் அதிலும் ஒன்று இருக்கிறது: ஜியோ பாரத் மாதிரி போன்களில் வேறு கம்பெனி சிம் வேலை செய்யாது. பீஞ்சமந்தை மாதிரி மலை ஊர் என்றால், அந்த வீட்டுத் திண்ணையில் எந்த சிம்முக்கு சிக்னல் நிற்கிறது என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு, அதற்கு ஒத்துவரும் போனை வாங்குங்கள். இன்னொன்று, 4ஜி பட்டன் போனில் பழைய 2ஜி போன் அளவுக்கு சார்ஜ் நிற்காது. மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போட்டுப் பழகியவர்களிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் போன் கெட்டுவிட்டது என்றே நினைப்பார்கள்.

பட்டன் போனின் பெரிய பலமே கழற்றி மாட்டும் பேட்டரிதான். தண்ணீரில் விழுந்தால் உடனே பேட்டரியைக் கழற்றுங்கள், ஆன் ஆகிறதா என்று அழுத்திப் பார்க்காதீர்கள், ஈர போர்டில் கரண்ட் ஓடினால்தான் துரு வேகமாகப் பிடிக்கும். நம்மூர் சித்திரை வெயிலில் ஜன்னல் ஓரம் வைத்தே சார்ஜ் போட்டால் பேட்டரி உப்பிவிடும். உப்பியிருக்கிறதா என்று பார்க்க மெஷின் எதுவும் வேண்டாம். பேட்டரியை வழவழப்பான மேஜையில் படுக்க வைத்து விரலால் ஒரு சுண்டு சுண்டுங்கள். நல்ல பேட்டரி அசைந்து நின்றுவிடும், உப்பியது பம்பரம் மாதிரி சுற்றும். சுற்றினால் அதோடு அதைத் தூக்கி சர்வீஸ் கடையில் கொடுத்துவிடுங்கள், குத்தி காற்றை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தீப்பிடிக்கும்.

நிறைய பேர் கவனிக்காத பலவீனம், மெசேஜ் பெட்டி. மலிவான போன்களில் கொஞ்சம் மெசேஜ்தான் கொள்ளும், விளம்பரமாக வந்து நிறைந்துவிட்டால் ஓடிபி உள்ளே வராது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் வாசலில் நின்று நம்பர் கேட்கிறார், அம்மா "வரலையே" என்று தவிக்கிறார். மேலே கவர் படம் மின்னிக்கொண்டே இருந்தால் பெட்டி நிறைந்துவிட்டது என்று அர்த்தம். ஊருக்குப் போகும்போதெல்லாம் வேண்டாததை அழித்துவிட்டு வாருங்கள். அப்படியே நம்பர்களை சிம்மிலும் சேமித்து வையுங்கள், போர்டு போய்விட்டால் போனில் இருந்த நம்பரை மீட்பது கஷ்டம்.

ஆப் வைத்து ஏமாற்றும் ஆட்களிடமிருந்து பட்டன் போன் காப்பாற்றும், ஏனென்றால் அவர்கள் அனுப்பும் ஆப் இதில் ஏறாது. ஆனால் பேச்சில் மயக்கி ஓடிபி கேட்பவனிடமிருந்து எந்தப் போனும் காப்பாற்றாது. பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் சைபர் மோசடி புகார் எண்ணான 1930-க்கு அடிக்கச் சொல்லுங்கள், அந்த எண்ணையும் போனிலேயே போட்டு வையுங்கள். போன் தொலைந்தால் பிளாக் செய்ய ஐஎம்இஐ எண், அதாவது அந்தப் போனின் தனி அடையாள எண் வேண்டும், *#06# அடித்து வருவதை இப்போதே எழுதி வையுங்கள்.

2017 ஜனவரி 1 முதல் இங்கே விற்கும் பட்டன் போன்களில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் அவசர உதவிக்கு அழைப்பு போகவேண்டும் என்பது விதி. வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய துணை, ஆனால் என் கடைக்கு வருபவர்களில் இதைத் தெரிந்துவைத்திருந்த பெரியவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. கூடவே பையில் கிடக்கும் போன் அழுந்தித் தானாக அழைப்பு போகாமல் இருக்க கீபேட் லாக் போட்டு வையுங்கள்.

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு அம்மா, எழுதப் படிக்கத் தெரியாதவர், மகளோடு வந்திருந்தார். 2-ஐ அழுத்திப் பிடித்தால் மகனுக்கும், 3-ஐ அழுத்திப் பிடித்தால் பெங்களூரில் இருக்கும் அந்த மகளுக்கும் போகிற மாதிரி ஸ்பீடு டயல் போட்டேன். இரண்டு பட்டனும் பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே என்றார். மகள் பையிலிருந்து நெயில் பாலிஷை எடுத்து 3-ன் மேல் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தார். காயும்வரை காத்திருந்து, அந்த அம்மா கட்டைவிரலால் அதை அழுத்திப் பிடித்தார். பக்கத்தில் நின்ற மகளின் போன் அடித்தது. கட் செய்துவிட்டு இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார்.