மூடிய குப்பைக் கிடங்கின் உள்ளே

மாநகராட்சிக் குப்பைக் கிடங்கை மூடி, மேலே மண் பரப்பிப் புல் வளர்த்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று எண்ணத் தோன்றும். ஆனால் உள்ளே புதைந்த உணவுக் கழிவையும் காகிதத்தையும் மரத்தையும் நுண்ணுயிரிகள் சிதைக்கும் வேலை அதன்பின் பல பத்தாண்டுகள் தொடர்கிறது. ஆக்சிஜன் விரைவிலேயே தீர்ந்துவிட, அது இல்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் முதலில் கரிம அமிலங்களை உண்டாக்குகின்றன. வேறு சில அவற்றை மீத்தேனாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகின்றன. இவ்வாயுவில் ஏறத்தாழப் பாதி மீத்தேன். அது காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருக்கும்போது ஒரு தீப்பொறி பட்டால் வெடிக்கும்.

இங்கிலாந்தின் டெர்பிஷையரிலுள்ள லாஸ்கோ கிராமத்தில் 1986 மார்ச் 24 அன்று காலை ஒரு வீடு இப்படித்தான் வெடித்துத் தரைமட்டமானது. உள்ளே இருந்த மூவர் காயமடைந்தனர். அருகிலிருந்த பழைய களிமண் பள்ளத்தில் குப்பையை நிரப்பி மூடியிருந்தார்கள். மேலே வழி அடைபட்ட வாயு, நிலத்தடிப் பாறை விரிசல்கள் வழியே பக்கவாட்டில் பரவியிருந்தது. வெடிப்புக்கு முந்தைய சில மணி நேரத்தில் வளிமண்டல அழுத்தம் வெகுவாகச் சரிந்ததால், மண்ணுக்குள் தேங்கியிருந்த வாயு வெளிப்பட்டு அவ்வீட்டின் தரைக்கடியில் சேர்ந்தது. ஆகவே, அழுத்தம் குறையும் நாள்களிலும் வாயுவை அளந்து பார்க்காமல் ஒரு நிலத்தைப் பாதுகாப்பானது என்று சான்றளிப்பதை ஏற்கவே முடியாது.

மற்றொரு ஆபத்து நீர்வழியே வருகிறது. குப்பையினூடே இறங்கும் மழைநீர் அம்மோனியா, குளோரைடு, கரிமச் சேர்மங்கள், உலோகங்கள் முதலியவற்றைக் கரைத்துக்கொண்டு கசிவுநீராகிறது. அடியில் தடுப்பு விரிப்பு இல்லாத பழைய கிடங்குகளில் இது நேரே நிலத்தடி நீரில் கலக்கிறது. பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு: கசிவுநீர் பரவும் இடத்தில் ஆக்சிஜன் அற்றுப்போவதால், இயற்கையான மண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடுகள் கரைந்து, அவற்றோடு ஒட்டியிருந்த ஆர்சனிக் விடுபடக்கூடும். அந்த நஞ்சு குப்பையிலேயே இருந்திருக்க வேண்டும் என்பதில்லை.

இதைத் தடுக்கவே களிமண்ணாலும் அடர் பாலிஎத்திலீன் விரிப்பாலும் கிடங்கை மூடி, அதன்மேல் வடிகால் அடுக்கும் மண்ணும் இடுகிறார்கள். துளையிட்ட குழாய்களைக் குப்பைக்குள் இறக்கி வாயுவை உறிஞ்சி எரிக்கிறார்கள், அல்லது மின்சாரம் தயாரிக்கிறார்கள். ஆனால் மழைநீர் புகாதபோது குப்பையும் காய்ந்து, சிதைவு மெதுவாகிறது. மூடி நன்றாக வேலை செய்யும்வரை ஆபத்து உறங்கிக் கிடக்கும். பின்னாளில் அது கிழிந்தால் மீண்டும் தொடங்கும்.

இத்தகைய நிலத்தில் என்ன கட்டலாம் என்பதைப் பெரும்பாலும் நிலமே தீர்மானிக்கிறது. சிதைவால் குப்பை இடத்துக்கு இடம் வேறுபட்ட அளவில் அமிழ்வதால் தரை சாய்கிறது, குழாய்கள் இணைப்புகளில் முறிகின்றன. ஆழமான தூண்களை இறக்கிக் கட்டடத்தைத் தாங்கலாம். ஆனால் ஒவ்வொரு தூணும் விரிப்பைத் துளைத்து, வாயு மேலேறவும் கசிவுநீர் கீழிறங்கவும் வழி திறந்துவிடக்கூடும். கட்டடம் எழுப்பியே ஆக வேண்டுமென்றால் தரைக்கடியில் காற்றோட்ட வெளியும் வாயுத் தடுப்புப் படலமும் இன்றியமையாதவை. அடித்தளம் தோண்டாமல் எடைக்கட்டிகளால் நிறுத்தப்படும் சூரிய மின்தகடுகளும் திறந்தவெளிப் பூங்காக்களும்தான் இந்நிலத்துக்கு ஏற்றவை. நியூயார்க்கில் 1948 முதல் 2001 வரை இயங்கிய ஃப்ரெஷ் கில்ஸ் கிடங்கு, சுமார் 890 ஹெக்டேர் பரப்பில் படிப்படியாகப் பூங்காவாக மாற்றப்பட்டு வருகிறது. குப்பையை முழுவதும் தோண்டிச் சலித்துப் பிரிப்பது மற்றொரு வழி. அதில் நிலம் மீளும், ஆனால் தோண்டும்போது வாயுவும் தூசியும் துர்நாற்றமும் வெளிப்படும், சலித்த மண்ணையும் நஞ்சுக்காகச் சோதித்தாக வேண்டும்.

அமெரிக்கக் கூட்டாட்சி விதிகள் மூடிய பின்னரும் பொதுவாக 30 ஆண்டுகள் பராமரிக்கச் சொல்கின்றன. ஆக்சிஜனற்ற சூழலில் எளிதில் சிதையாத அம்மோனியா அதையும் தாண்டி நீடிக்கக்கூடும் என்பதால், கண்காணிப்புக் கிணறுகளுக்கும் கசிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும் ஆகும் நீண்டகாலச் செலவை யார் ஏற்பார் என்பதை, நிலத்தின் புதிய பயன்பாட்டுக்கு ஒப்புதல் தரும்போதே எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும்.