உங்கள் டோக்கன் இப்போது யார் கையில்?

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் டோக்கன் என்றால் கடலுக்குப் போக மீன்துறை கொடுக்கிற சீட்டுதான் முதலில் நினைவுக்கு வரும். அதை அடுத்த படகுக்காரர் கேட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள். நான் சொல்ல வந்தது வேறொரு டோக்கன். பார்க்க பென்டிரைவ் மாதிரி இருக்கும். கம்ப்யூட்டரில் செருகி, பின் நம்பர் அடித்தால் டிஜிட்டல் கையெழுத்து விழும். இதை மட்டும் நம் ஆட்கள் கணக்கு பார்க்கிற ஆபீசிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

ராமநாதபுரத்தில் 15 வருடமாக வரி, கம்பெனி கணக்கு வேலை பார்க்கிறேன். என் மேசை இழுப்பறையிலும் இப்படி டோக்கன்கள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் பெயர், அதற்குக் கீழேயே பின் நம்பர். பாதிக்கு மேல் ஒரே நம்பர். கடைசித் தேதி நெருங்கும்போது ஒவ்வொருவரையும் கூப்பிட வேண்டியதில்லை, வேலை சீக்கிரம் முடிந்தது. அது தப்பு என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உறைக்க வைத்தவர் மண்டபத்திலிருந்து வந்த ஒரு நண்டுக் கம்பெனிக்காரர். அவரும் அவர் மச்சானும்தான் டைரக்டர்கள். அவர்கள் கணக்கு வேறொரு ஆபீசில் இருந்தது. ஒருநாள் பார்த்தால், மச்சானின் மகன் மூன்றாவது டைரக்டராகச் சேர்ந்திருக்கிறான். படிவத்தில் இவருடைய கையெழுத்து. தேதி, மணி, நிமிடம் எல்லாம் திரையில் நிற்கிறது.

“அன்னைக்கு நான் தொண்டியில ஒரு கல்யாணத்துல இருந்தேன் சார். நான் எதுலயும் கையெழுத்துப் போடலையே” என்றார்.

விசாரித்ததில், மச்சான் போனில் சொல்லியிருக்கிறார், ஆபீசில் டோக்கனை எடுத்துச் செருகியிருக்கிறார்கள். அந்தப் பையனைச் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தால் இவர் சம்மதித்திருப்பார். கேட்கவில்லை என்பதுதான் அவருக்கு ஆறவில்லை. இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, 5ஆம் பிரிவின்படி இந்தக் கையெழுத்து பேனாவில் போட்ட கையெழுத்துக்குச் சமம். அதற்குப் பின்னால் பெரிய ஏற்பாடு இருக்கிறது. ‘இந்தக் கையெழுத்து இன்னாருடையது’ என்று சான்றிதழ் கொடுக்கும் நிறுவனங்களுக்கு உரிமம் தருவதற்கென்றே மத்திய அரசில் ஒரு கட்டுப்பாட்டாளர் இருக்கிறார். மற்றச் சான்றிதழ்களுக்கெல்லாம் அடிப்படையான, நாட்டின் மூலச் சான்றிதழ் அவரிடம் இருக்கிறது. உரிமம் பெற்ற நிறுவனத்துக்கு அவர் சாட்சி, உங்களுக்கு அந்த நிறுவனம் சாட்சி. டோக்கனுக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அது வெளியே வராது, நகலும் எடுக்க முடியாது. கையெழுத்திட்ட கோப்பில் ஒரு எழுத்தை மாற்றினாலும் சரிபார்க்கும்போது தெரிந்துவிடும். இவ்வளவு காவலும் ‘இது இன்னாருடைய சாவி’ என்றுதான் சொல்லும். செருகிய கை யாருடையது என்று அதற்குத் தெரியாது.

ஆதார் பிடிஎஃப்பைத் திறந்ததும் கையெழுத்து இடத்தில் மஞ்சள் கேள்விக்குறி வந்தால் பதறிப்போய் என்னிடம் ஓடி வருகிறார்கள். பெரும்பாலும் அது போலி இல்லை. நம் நாட்டின் மூலச் சான்றிதழை அந்த மென்பொருளுக்கு இன்னும் அறிமுகப்படுத்தவில்லை, அவ்வளவுதான். அந்தப் பதற்றத்தில் கால்வாசி, டோக்கனை விட்டுவிட்டு வரும்போது இருந்தால் போதும் என்று தோன்றும்.

கோளாறு விண்ணப்பத்திலேயே தொடங்குகிறது. சான்றிதழ் வாங்கும்போது போன் நம்பர், மின்னஞ்சல் என்ற இடத்தில் ஆபீஸ்காரர்கள் தங்களுடையதைப் போட்டுக்கொள்வார்கள். ஓடிபி அவர்களுக்கே போகும், உங்களுக்கு எதுவும் தெரியாது. உங்கள் நம்பரைத்தான் கொடுக்க வேண்டும். சரிபார்ப்பு வீடியோவில் நீங்களே பேச வேண்டும், என்ன சான்றிதழ் வாங்குகிறீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பேசுங்கள். ஆதார், பான் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், வேலை முடிந்ததும் அழிக்கச் சொல்லுங்கள். கேட்க கூச்சமே வேண்டாம்.

டோக்கன் தொலைந்தாலோ, வேறு யாரோ பயன்படுத்தினார்கள் என்று சந்தேகம் வந்தாலோ, சான்றிதழ் கொடுத்த நிறுவனத்துக்கு உடனே சொல்லி ரத்து செய்ய வேண்டும். அதே சட்டத்தின் 42ஆம் பிரிவு சாவியைப் பத்திரமாக வைத்திருக்கிற பொறுப்பையும், அது வேறு கைக்குப் போய்விட்டால் தாமதமில்லாமல் தெரிவிக்கிற பொறுப்பையும் உங்கள் மேல்தான் வைக்கிறது. அடுத்தவர் கையெழுத்தை மோசடியாகப் போட்டவருக்கு 66சி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் மண்டபத்துக்காரர் அந்தப் பக்கமே போகவில்லை. தங்கச்சி புருஷன் மேல் எப்படி சார் கேஸ் போடுறது என்றார்.

அவர் வந்து போன வாரத்திலேயே பிளாஸ்திரிகளைக் கிழித்துப் போட்டேன். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அவர்கள் கையாலேயே பின் நம்பரை மாற்றச் சொல்லி, நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இப்போது கையெழுத்து தேவைப்பட்டால் டோக்கனோடு அவர்களே வருகிறார்கள், வர முடியாதவர்களிடம் என் பையன் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போகிறான். சிலருக்கு இதில் சலிப்புதான். கீழக்கரையில் ஒரு பெரியவர் ‘நம்பிக்கை இல்லையா தம்பி’ என்று வருத்தப்பட்டார்.

இன்னும் ஏழு டோக்கன்கள் என்னிடம் இருக்கின்றன. கூரியரில் அனுப்ப மாட்டேன். உரியவர்கள் நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், ஞாயிறு காலையிலும் ஆபீசில்தான் இருப்பேன்.