பேட்ஜில் ஏறும் கணக்கு உங்களுடையது, கேட்டு வாங்குங்கள்

எக்ஸ்ரே, சிடி, கேத் லேப் (இதயக் குழாய்களைக் கதிர் படத்தில் பார்த்துச் சிகிச்சை செய்யும் அறை) என்று எங்கே வேலை பார்த்தாலும் மார்பில் ஒரு பேட்ஜ் மாட்டச் சொல்வார்கள். அது கதிர்வீச்சைத் தடுக்காது, உடம்பு அதை எவ்வளவு வாங்கியது என்று கணக்கு வைக்கும், அவ்வளவுதான். அந்தக் கணக்கைப் பார்ப்பது உங்கள் உரிமை. வருடக்கணக்கில் பேட்ஜ் போட்டும் ஒருமுறைகூடக் கேட்காதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வரம்பு என்ன? சர்வதேச அணுசக்தி முகமையின் விதிப்படி, 5 வருட சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின், அதாவது டோஸின் அலகு), எந்த ஒரு வருடத்திலும் 50-ஐத் தாண்டக் கூடாது. கண் லென்ஸுக்கு 150 என்று இருந்த வரம்பையும், நினைத்ததைவிடக் குறைந்த டோஸிலேயே புரை வருகிறது என்று தெரிந்ததால், 20 ஆக இறக்கிவிட்டார்கள். பல நாட்டுச் சட்டங்கள் இதை ஒட்டியவைதான்.

ஆனால் 20-க்குள் இருந்தால் கவலையே இல்லை என்று அர்த்தமில்லை. புற்றுநோயைப் பொறுத்தவரை, இதற்குக் கீழே ஆபத்தே கிடையாது என்று ஒரு கோடு போடுவதில்லை, வாங்க வாங்க அபாயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும் என்று வைத்துத்தான் விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. மொத்தம் 100 மில்லிசீவர்ட் வாங்கியவர்களில் 1000 பேருக்குச் சுமார் 4 பேர் கூடுதலாகப் புற்றுநோயால் பாதிக்கப்படலாம் என்பது தோராயக் கணக்கு. 1950-க்கு முன் வேலை பார்த்த கதிரியக்க மருத்துவர்களிடம் ரத்தப் புற்றுநோயும் தோல் புற்றுநோயும் அதிகம் இருந்தன. இப்போது டோஸ் வெகுவாகக் குறைந்திருக்கிறது, அதுவும் உண்மை.

புற்றுநோய் உடனே வராது. ரத்தப் புற்றுநோய்க்குச் சில வருடம், கட்டி வகைகளுக்குப் பத்து வருடத்துக்கும் மேல் ஆகலாம். அதனால்தான் உங்களுக்கு 75 வயது ஆகும்வரை, வேலையை விட்ட பிறகு குறைந்தது 30 வருடமாவது, அந்தப் பதிவைப் பாதுகாக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. வேலை மாறும்போது ஒரு நகல் கையில் இருக்கட்டும். பேட்ஜை லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போனால் அன்றைக்கு வாங்கியது எதுவும் பதிவாகாது, நாளைக்குக் கேட்க ஆதாரமும் இருக்காது.

அப்புறம் இன்னொன்று, கூடுதல் சம்பளம், கூடுதல் விடுமுறை, தனிக் காப்பீடு என்று எதைக் கொடுத்தாலும் அது பாதுகாப்புக்கு ஈடாகாது என்று அதே விதி வெளிப்படையாகச் சொல்கிறது. கதிரைத் தடுக்கப் போடும் ஈய ஏப்ரன் விரிசல் விட்டிருந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், "கூடுதல் படி தருகிறோமே" என்பது அதற்குப் பதில் இல்லை.

கர்ப்பமாக இருப்பவர்கள் தயங்காமல் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்க முடியாது, வயிற்றிலிருக்கும் சிசுவுக்குக் கர்ப்பத்தின் மீதிக் காலம் முழுக்க 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டாதபடி வேலையை மாற்றிக் கொடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு.