உள்ளங்காலில் கணையம் இருக்கிறதா?

எங்கள் வீட்டருகே உள்ள பூங்காவில் காலை ஆறு மணிக்கெல்லாம் எட்டு வடிவ நடைபாதையின் ஓரத்தில் செருப்புகள் வரிசைகட்டிக் கிடக்கும். கூழாங்கற்கள் பதித்த பாதை அது. முதல் சுற்றில் எல்லோருடைய முகமும் சுளிக்கும். மூன்றாவது சுற்றில் நடை சீராகிவிடும். என் அப்பாவும் அங்கே பல வருடம் நடந்தவர். வீட்டுக்கு வந்ததும் பாதத்தின் உட்குழிவைத் தொட்டுக் காட்டி, "இங்கே கல் அழுத்தினால் கணையம் சுறுசுறுப்பாகும், சர்க்கரை குறையும்" என்பார்.

அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு வரைபடம் இருக்கிறது. ரிஃப்ளெக்ஸாலஜி எனப்படும் பாத அழுத்த முறையின் வரைபடம். கால்விரல்கள் தலைக்கு, விரல்களுக்குக் கீழே மேடிட்ட பகுதி நுரையீரலுக்கு, உட்குழிவு வயிற்றுக்கும் கணையத்துக்கும், உள்விளிம்பு முதுகெலும்புக்கு, குதிகால் இடுப்புக்கு. கல்லீரலின் இடம் வலது பாதத்தில், இதயத்தின் இடம் இடது பாதத்தில். உடம்பையே சுருக்கி உள்ளங்காலில் வரைந்ததுபோல் இருக்கும். உரிய புள்ளியை அழுத்தினால் உரிய உறுப்பு நலம்பெறும் என்பது இம்முறையின் அடிப்படை வாதம். தலைவலி, மலச்சிக்கல், தூக்கமின்மை, மாதவிடாய்த் தொல்லை என்று இதனால் தீரும் எனச் சொல்லப்படுபவற்றின் பட்டியல் நீளமானது.

இதைப் பழஞ்சீனத்துக் கலை என்று பலர் நினைக்கிறார்கள். எகிப்தின் சக்காராவில் உள்ள அங்க்மஹோர் கல்லறைச் சிற்பத்தைச் சான்றாகக் காட்டுபவர்களும் உண்டு. அதில் ஒருவர் இன்னொருவரின் பாதத்தைப் பிடித்திருப்பது உண்மைதான். அவர் நகம் வெட்டிக்கொண்டிருக்கவும் கூடும். இன்று கையாளப்படும் வரைபடம் பிறந்த இடம் அமெரிக்கா. கனெக்டிகட் மாநிலத்தில் காது, மூக்கு, தொண்டை மருத்துவராக இருந்த வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட், விரல்களை அழுத்தினால் வேறோர் இடத்தில் வலி மரத்துப்போவதாகக் கண்டு, உடலைத் தலை முதல் கால் வரை பத்து நெடுக்குப் பட்டைகளாகப் பிரித்தார். அவருடைய நூல் 1917-இல் வெளிவந்தது. 1930-களில் யூனிஸ் இங்கம் என்ற உடலியக்கச் சிகிச்சையாளர் அதைப் பாதத்துக்குக் கொண்டுவந்து, உறுப்புக்கு ஒரு புள்ளி என்று குறித்தார். பின்னாளில் தைவானில் இம்முறையைப் பரவலாக்கியவர் ஜோசப் ஆய்க்ஸ்டர் என்ற சுவிட்சர்லாந்துப் பாதிரியார்.

சரி, வரைபடம் உண்மையா? உள்ளங்காலிலிருந்து கிளம்பும் ஓர் உணர்வின் வழியே போய்ப் பார்க்கலாம். தோலுக்கடியில் அழுத்தத்தையும் அதிர்வையும் தோல் இழுபடுவதையும் உணரும் நுண்ணிய உணர்விகள் நெருக்கமாக இருக்கின்றன. அவற்றின் செய்தி கணுக்காலின் உட்புறம் சுற்றி, கெண்டைக்காலின் ஆழத்தில் ஏறி, தொடையின் பின்புறம் பெருநரம்போடு சேர்ந்து, அடிமுதுகில் தண்டுவடத்துக்குள் நுழைந்து மூளைக்குப் போகிறது. வழியில் கணையத்துக்கோ கல்லீரலுக்கோ பிரியும் கிளை கிடையாது. அந்த உறுப்புகளுக்கு நரம்புகள் வருவது வேறு வழியாக: மூளைத்தண்டிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பும், மேல்வயிற்றின் ஆழத்தில் உள்ள நரம்புப் பின்னலும்தான் அவற்றுக்கு. பாதத்தில் படிகங்கள் படிந்து நரம்பை அடைக்கின்றன, அழுத்தினால் அவை கரையும் என்ற விளக்கத்துக்கும் உடற்கூறியலில் ஆதாரம் இல்லை.

சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளிகளுக்கு என்ன நோய் என்று சொல்லாமல் அவர்களுடைய பாதங்களை மட்டும் இரண்டு ரிஃப்ளெக்ஸாலஜி நிபுணர்களிடம் காட்டினார்கள். அவர்களால் நோயைச் சரியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒருவர் சொன்னதும் மற்றவர் சொன்னதும்கூடப் பொருந்தவில்லை. 2011-இல் 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், எந்த நோயையும் இம்முறை குணப்படுத்தும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றார்கள். ஆஸ்திரேலியாவில் 2019 ஏப்ரல் முதல், அரசு மானியம் பெறும் தனியார் மருத்துவக் காப்பீட்டிலிருந்து இது நீக்கப்பட்டது.

ஆனால் கால் பிடித்துவிட்டால் சுகமாக இருக்கிறதே? அந்தச் சுகம் பொய்யில்லை. முழங்கையை இடித்துக்கொண்டால் கை தானாக அங்கே போய்த் தேய்க்கிறது, வலியும் தணிகிறது. தொடு உணர்வு தண்டுவடத்தில் வலிச் செய்திக்குக் குறுக்கே நின்று கதவைச் சாத்துகிறது என்று 1965-இல் மெல்ஸாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அதோடு அரைமணி நேரம் படுத்த ஓய்வு, நம்மீது அக்கறையோடு ஒருவர் கைவைக்கிறார் என்ற நிம்மதி. பதற்றம் குறையவும் தூக்கம் வரவும் இவை போதும்.

கூழாங்கல் நடைக்கும் ஒரு நல்ல செய்தி உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 60 வயது கடந்த 108 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2005-இல் வெளியானது. கூழாங்கல் போன்ற மேடுபள்ளம் கொண்ட விரிப்பில் 16 வாரம் நடந்தவர்களுக்கு, சாதாரணமாக நடந்தவர்களைவிட உடல் சமநிலை மேம்பட்டிருந்தது. ரத்த அழுத்தமும் குறைந்திருந்தது. சமநிலையைப் பொறுத்தவரை காரணம் புரிகிறது. கல்லுக்குக் கல் பாதம் சரிகிறது, அதைச் சமாளிக்கக் கணுக்காலும் இடுப்பும் ஓயாமல் வேலை செய்கின்றன. வயதானவர்களுக்கு இது பெரிய விஷயம். கீழே விழாமல் இருப்பதைவிட அந்த வயதில் வேறென்ன வேண்டும்?

பாதம் உடம்பைப் பற்றிப் பேசும் என்பதையும் மருத்துவம் மறுக்கவில்லை. 1896-இல் பாரிஸில் ஜோசப் பாபின்ஸ்கி என்ற நரம்பியல் மருத்துவர் காட்டிய சோதனை இன்றும் எல்லா மருத்துவமனைகளிலும் நடக்கிறது. உள்ளங்காலின் வெளியோரத்தைக் குதிகாலிலிருந்து மேல்நோக்கிக் கீறினால் ஆரோக்கியமான பெரியவர்களின் விரல்கள் கீழே மடங்கும். பெருவிரல் மேலே எழும்பினால் மூளையிலோ தண்டுவடத்திலோ பாதிப்பு இருக்கலாம். அழுத்திய விரலை எடுத்த பிறகும் கணுக்காலில் குழி மறையாமல் நின்றால் இதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல்வார்கள்.

அப்பாவின் பாதம் பேசாமல் போனதுதான் எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு நாள் காலை நடந்துவிட்டு வந்தவர் கூடத்தைக் கடந்து போனார். அம்மாதான் தரையைப் பார்த்தார். வாசலிலிருந்து நாற்காலி வரை ஒற்றைக் காலின் ரத்தத் தடம். குதிகாலில் கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது. பதினைந்து வருடச் சர்க்கரை நோய். அவருக்கு வலிக்கவே இல்லை.

மருத்துவர் ஒரு நைலான் இழையை எடுத்தார். வளையும்போது சரியாக 10 கிராம் அழுத்தம் தரும் இழை அது. கண்ணை மூடச் சொல்லி, "படும்போது சொல்லுங்கள் ஐயா" என்றார். பெருவிரலின் அடியில் வைத்தார், இழை வளைந்தது. அப்பா பேசவில்லை. விரல்மேட்டில் வைத்தார். அப்போதும் பேசவில்லை. "ஆரம்பிக்கலாமே டாக்டர்" என்றார் அப்பா, மூன்றாவது இடத்தில் இழை வளைந்துகொண்டிருந்தபோது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது இந்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். உணர்வு குறைந்த காலோடு வெறுங்காலில் கல்லில் நடப்பதும், அழுத்துகோலால் ஓங்கி அழுத்திவிடச் சொல்வதும் புண்ணில் கொண்டுபோய் விடும். காலில் ரத்தக்கட்டி இருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால் யாரும் பிடித்துவிடவே கூடாது.

அப்பா இப்போது ஷூ போட்டுக்கொண்டு மண்பாதையில் நடக்கிறார். இரவில் நான் அவர் காலை மடியில் வைத்து, முதலில் வெளிச்சத்தில் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தேங்காயெண்ணெய் தடவி மெல்லப் பிடித்துவிடுகிறேன். விரல் இடுக்குகளில் மட்டும் எண்ணெய் தங்கக் கூடாது. ஈரம் நின்றால் புண் வரும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அங்கே மட்டும் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்துவிடுகிறேன்.