வலிப்பு மாத்திரை சாப்பிடுறவங்க நடை தள்ளாடுதா? மாத்திரைப் பையையும் எடுத்துட்டு வாங்க

பேலன்ஸ் எக்சர்சைஸ் சொல்லிக் கொடுங்கன்னு பிசியோதெரபிக்கு வர்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்குறது என்னென்ன மாத்திரை போடுறீங்கன்னுதான். கூட வந்தவங்க "நரம்புத் தளர்ச்சிங்க, வயசாயிடுச்சுல்ல"ன்னு ஆரம்பிப்பாங்க, ஆனா பையைத் திறந்தா பிட்ஸ் மாத்திரை இருக்கும், அதுவும் போன மாசம்தான் டோஸ் ஏத்தியிருப்பாங்க.

இவங்களுக்கு கை காலுல பலம் பெரும்பாலும் நல்லாவே இருக்கும், அதான் முதல் க்ளூ. காலை அகட்டி வச்சு நடப்பாங்க, ஒரு கால் குதிகாலை இன்னொரு கால் விரல் நுனில ஒட்டி வச்சு நேர்கோட்டுல நடங்கன்னா ரெண்டு எட்டுல சாஞ்சுருவாங்க. என் விரலைப் பார்க்கச் சொல்லி பக்கவாட்டுல கொண்டு போனா கண்ணு அந்த ஓரத்துல நிக்காம வெட்டி வெட்டி இழுக்கும். பேலன்ஸைப் பார்த்துக்குற சிறுமூளை தடுமாறுதுன்னு அர்த்தம்.

இதுல பெனிடோயின் கொஞ்சம் வில்லங்கமான மருந்து. கல்லீரல் ஒரு அளவு வரைக்கும்தான் அதைக் கரைச்சு வெளிய தள்ளும், அந்த எல்லையைத் தொட்டுட்டா அப்புறம் கொஞ்சூண்டு கூட்டினாலும் ரத்தத்துல சரசரன்னு ஏறிடும், 300 மில்லிகிராம்ல நல்லா இருந்தவர் 400 ஆனதும் ஓரிரு வாரத்துல சுவத்தைப் பிடிச்சு நடக்குறது இப்படித்தான். ஒரு மில்லி ரத்தத்துல 10-லிருந்து 20 மைக்ரோகிராம் இருக்கணும், பொதுவா 20 தாண்டினா கண்ணு இழுக்கும், 30 தாண்டினா நடை தள்ளாடும், 40 தாண்டினா மயக்கமும் குழப்பமும். ரத்தத்துல அல்புமின்ங்கிற புரதம் கம்மியா இருக்குறவங்களுக்கு ரிப்போர்ட் நார்மல்னே வரலாம், ஆனா ஆள் தள்ளாடுவார், அதனால ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துட்டு மருந்து காரணமில்லன்னு சொல்லிட முடியாது.

டோஸ் மாத்தாமலும் இது வரும். டிபிக்கு ஐசோனியசிட், பூஞ்சைக்கு ஃப்ளூகோனசோல் சேர்ந்தா பெனிடோயின் ஏறும், சளிக்குன்னு கிளாரித்ரோமைசின் போட்டா கார்பமாசெபின்ங்கிற இன்னொரு பிட்ஸ் மாத்திரை ஏறி எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியும். அதனால வேற எந்த டாக்டர்கிட்ட போனாலும் பிட்ஸ் மாத்திரை போடுறேன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. சிரப் கொடுக்குறவங்க பாட்டிலை நல்லா குலுக்கணும், இல்லன்னா மருந்து அடியில தங்கிடும், முதல்ல ஊத்துறப்ப மருந்து பத்தாம பிட்ஸ் வரும், பாட்டில் தீரப்போறப்ப அதே ஸ்பூன்ல ஓவர் டோஸ் ஆகி புள்ள தள்ளாடும். யாருக்கும் காரணம் புரியாது.

சரி, மாத்திரையை நிறுத்திடலாமான்னு கேக்குறாங்க. தயவுசெஞ்சு நீங்களா நிறுத்தாதீங்க, சட்டுனு விட்டா நிக்காம தொடர் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். எழுதிக் கொடுத்த டாக்டரைப் பாருங்க, அளவைக் குறைக்கலாமா மருந்தை மாத்தலாமான்னு அவர் முடிவு பண்ணுவார். பெரும்பாலும் அளவு இறங்கினா நடை திரும்பிடும், ஆனா பல வருஷம் பெனிடோயின் போட்டு சிறுமூளை சுருங்கிப் போனவங்களுக்கு முழுசா திரும்பாது. இந்த மாத்திரைங்க சிலது எலும்பையும் வலுவிழக்க வைக்கும், அதனால தள்ளாடி விழுந்தா எலும்பு முறியுற வாய்ப்பு ஜாஸ்தி.

பிட்ஸே இல்லாதவங்களும் இதே வகை மருந்து போடுறாங்க, நரம்பு வலிக்குக் கொடுக்குற காபாபென்டின், ப்ரீகாபலின். கிட்னி வீக்கா இருக்குறவங்களுக்கு இது உடம்புல தேங்கும், டோஸ் குறைக்கணும்.

ஒண்ணு மட்டும், திடீர்னு ஒரே நாள்ல தள்ளாட்டம் வந்து, பேச்சு குழறி, வாய் கோணி, ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கிட்டா மாத்திரை மேல பழி போட்டுட்டு உக்காந்திருக்காதீங்க, அது ஸ்ட்ரோக்கா இருக்கலாம், உடனே எமர்ஜென்சிக்குப் போங்க.