முன்னணி இல்லையப்பா, முகப்பு

மூண்டு நாளாப் பொறுத்துப் பாத்தன், இண்டைக்கு ஏலாமப் போச்சு. ரொறன்ரோவில இருக்கிற சின்னம்மா போன் எடுக்கேக்க பின்னால தமிழ் றேடியோ ஓடிக்கொண்டிருக்கும், அதில "குளிர் முன்னணி ஒன்று இன்றிரவு ஒன்ராறியோவின் தென்பகுதியை ஊடறுத்துச் செல்லும்" எண்டு ஒரே வாசிப்பு. இஞ்ச யாழ்ப்பாணத்தில ஸ்பீக்கரில கேட்டுக்கொண்டிருந்த அம்மா "அதார் புதுசா?" எண்டு கேட்டா. கேக்கத்தானே செய்வா, ஜேவிபி கட்சியின்ர தமிழ்ப் பேரே மக்கள் விடுதலை முன்னணி, எங்கட ஒழுங்கை மதிலில கிடக்கிற நோட்டீசில பாதி ஏதோ ஒரு முன்னணியின்ரதான்.

றேடியோவில குளிர் முன்னணி எண்டு வாசிக்கிறது இங்கிலிசில கோல்ட் புரொன்ட் (cold front). லத்தீனில புரொன்ஸ் எண்டா நெற்றி, அதில இருந்து முன்பக்கம், பிறகு ரெண்டு படை முட்டுற கோடு. முதலாம் உலகப் போர் முடிஞ்ச கையோட நோர்வேயில பேர்கன் நகரத்தில இருந்த வில்ஹெல்ம் பியர்க்னஸ், அவற்ற மகன் ஜேக்கப், அவையின்ர ஆக்கள் எல்லாரும் சேந்து இந்தச் சொல்ல வானிலைக்குள்ள கொண்டந்தவை. அந்தக் கதை அவ்வளவுதான்.

சாமான் என்னெண்டு பாருங்கோ. ஐப்பசி மட்டில கனடாவில வடக்கு வளி குளிர்ந்து பாரமாகித் தெற்க இறங்கும். முன்னால நிக்கிற வெக்கை வளிக்கு அடியால அது ஆப்பு மாதிரிப் பூந்து அத மேல தூக்கும், தூக்கின வளி குளிர்ந்து முகிலாகிக் கொட்டும். மழை கனநேரம் பெய்யாது, ஆனா அடிக்கிற அடி பலமா இருக்கும். தென்மேற்கால வந்த காத்து வடமேற்குக்குத் திரும்பும். சின்னம்மா வீட்டில பின்னேரம் 18 பாகை, விடியப் பாத்தா 6. படத்தில நீலக் கோடு கீறி, போற பக்கம் பாத்து முக்கோணம் போட்டிருப்பினம். அந்தக் கோடு ரெண்டு வளித்திணிவும் முட்டுற இடம், அதுக்குத்தான் பேர் வேணும்.

எங்கட வட்ஸ்அப் குறூப்பில ஒரு வாத்தியார் விடுறார் இல்ல. புரொன்டும் போர்ச்சொல், அணியும் போர்ச்சொல், பிறகென்ன பிழை எண்டு கேக்கிறார். சொல் நல்ல சொல்தான் சேர், இடம்தான் பிழை. முன்னணி எண்டா ஒரு படையின்ர முன்வரிசை, அது ஒரு பக்கத்துக்கு மட்டும் சொந்தம். பியர்க்னஸ் ஆக்கள் எடுத்தது ரெண்டு படைக்கும் நடுவில கிடக்கிற கோட்ட. சரி, குளிர்தானே முன்னேறி வருது, அதால முன்னணி எண்டு சமாளிச்சாலும் ரெண்டு பக்கமும் நகராம நிண்டுபோற புரொன்ட் ஒண்டும் இருக்கே, அத என்னெண்டு சொல்லப்போறியள், "நகரா முன்னணி" எண்டோ? முன்னுக்குப் போகாததுக்கு எதுக்கு முன்னணி!

இன்னொருத்தர் போர்முனை இருக்குத்தானே, குளிர்முனை எண்டு வைப்பம் எண்டார். இது கொஞ்சம் கிட்ட வருது, நானும் ரெண்டு நாள் யோசிச்சன். ஆனா இஞ்ச முனை எண்டா ஆக்களுக்கு வாறது கத்தி முனை, பருத்தித்துறை முனை. கூரா ஒரு இடத்தில முடியிற சாமான். இது நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது, அதோட நிலத்தில இருந்து சரிஞ்சு மேல போற பரப்பு. வாடை எண்டு சொல்லுற ஆக்களோட நான் கதைக்கவே இல்ல, வாடை ஒரு காத்து, எங்கட காத்து, அது கார்த்திகை மழையோட இஞ்ச வரும், ரொறன்ரோவுக்குப் போகாது.

எனக்கு எரிச்சல் என்னெண்டா மொழிபெயர்க்கிற ஆள் அகராதியத் திறந்து முதல் கிடக்கிற சொல்லத் தூக்கிப் போட்டிட்டு சாப்பிடப் போயிடுறார். அந்த நீலக் கோட்ட ஒருக்கா வடிவாப் பாத்திருந்தா இது வந்திராது. தாழமுக்கம் எண்ட சொல்லப் பாருங்கோ, அதுவும் ஆரோ இருந்து ஆக்கினதுதான், இண்டைக்கு வல்வெட்டித்துறையில வள்ளம் இறக்கிறவருக்கும் விளங்கும். 1800களிலயே மானிப்பாயில அமெரிக்க மிசன் டொக்டர் கிறீன் வைத்தியப் புத்தகங்களத் தமிழாக்கின ஊர் இது, எங்களுக்கு இதொண்டும் புதுசில்ல.

நான் சொல்லுறது முகப்பு. குளிர் முகப்பு, வெப்ப முகப்பு, நகராததுக்கு நிலை முகப்பு. நெற்றியில தொடங்கின சொல்லுக்கு முகத்தில இருந்து வாற சொல் பொருந்தும். தொண்டைமானாற்றில நீரேரியும் கடலும் சந்திக்கிற இடத்த முகத்துவாரம் எண்டுதானே சொல்லுறம், ரெண்டு தண்ணியும் முகம் பாக்கிற இடம். முகப்பெண்டா சங்கிலியில வாறதெல்லோ எண்டு மச்சாள் கேட்டவ, உண்மைதான், ஆனா வானிலை வாசிக்கேக்க ஆர் நகையை நினைக்கப்போறினம்? வளிமுகம் எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம், அதோட எனக்குச் சண்டையில்ல. நாளைக்குச் சின்னம்மா எடுக்கேக்க அந்த றேடியோவில குளிர் வளிமுகம் எண்டு வாசிச்சாலும் போதும், அம்மாவுக்கு நான் விளங்கப்படுத்திக்கொள்ளுவன்.